புளிக்காத புட்டி

சமையலறையில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் கண்ணாடிச் சில்லு. நடுவே ஊதா நிறத்தில் ஒரு குளம் பாதி காய்ந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. அதில் ஐந்தாறு பலூன்கள் சுருங்கிப்போய்க் கிடந்தன.

"பிறந்தநாள் விழாவுக்குப் போலீஸ் வந்த மாதிரி இருக்கு," என்றான் ரேடியோ.

"வாயை மூடு," என்றாள் கடுகு.

ரேடியோ பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வாயை மூடு என்று யார் சொன்னாலும் அடுத்த நிறுத்தம் வரைக்கும்தான் மூடுவான். கடுகு ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. வயது ஐம்பத்திரண்டு. போலீஸில் இருந்தபோது ஒருநாள் மேலதிகாரியின் மேசையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தவள், அன்றிலிருந்து தனியாகத் துப்பறிகிறாள். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, தாழும். இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவள் பேசியதில் பாதி யாருக்கும் கேட்கவில்லை.

"யார் உடைச்சது?"

"போலீஸ்தான்," என்றார் வீட்டுக்காரர். தையல்காரர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்திருந்தார். "ஆறு ஜாடி இருந்துச்சு. ஒண்ணையாவது சோதனைக்கு எடுத்துட்டுப் போங்கய்யான்னு கெஞ்சினேன். 'எங்களுக்கு வேண்டிய புட்டி கிடைச்சிருச்சு'ன்னு சொல்லிட்டு லத்தியால வரிசையா அடிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அடிச்சாங்கம்மா."

அவருடைய மனைவிக்கு அச்சகத்தில் கமா அக்கா என்று பெயர். மெய்ப்புப் பார்க்கும் வேலை. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். போன வெள்ளிக்கிழமை, பைண்டிங் பிரிவில் ஒருவர் ஓய்வு பெற்றதற்காக அச்சகத்தில் மதிய விருந்து. கமா அக்கா வீட்டில் செய்த திராட்சை வைன் இரண்டு புட்டி கொண்டுபோனார். மறுநாள் காலை அங்கே வேலை செய்யும் மெஷின் ஆபரேட்டர் ஒருவர் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். மாலைக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. ரத்தத்தில் மெத்தனால் என்னும் விஷச் சாராயம் இருப்பதாக ஆஸ்பத்திரி சொன்னது. திங்கட்கிழமை, அச்சகத்துக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி மீதி வைன் உள்ள புட்டி ஒன்று போலீஸுக்கு வந்து சேர்ந்தது. அன்று மாலையே கமா அக்கா லாக்கப்பில். இன்று வியாழன்.

"அவங்க வைன் செய்யறது எப்படி? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றாள் கடுகு.

தையல்காரர் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "சூப்பர் மார்க்கெட்ல திராட்சை ஜூஸ் வாங்குவா. ஜாடியில ஊத்தி, கொஞ்சம் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஜாடி வாய்ல ஒரு பலூனை மாட்டி ஊசியால ஒரு ஓட்டை போடுவா. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன காத்து வரும், பலூன் எழுந்து நிக்கும். பலூன் படுத்துட்டா சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். நாலு வாரம் ஆகும். அடியில வண்டல் படிஞ்சிருக்கும். அதைக் கலக்காம மேலாக இறுத்து, அந்த ஜூஸ் புட்டியிலயே ஊத்தி வெச்சுடுவா."

"எந்த ஜூஸா இருந்தாலும் ஆகுமா?"

"ஆகாது." நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு மையில் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'கெடாமலிருக்க மருந்து சேர்த்த ஜூஸ் வாங்கிவிட்டேன். பத்து நாளாகியும் பலூன் எழவில்லை. மருந்து ஈஸ்டைப் பெருக விடாது. இனி லேபிளை முழுக்கப் படிக்காமல் வாங்கக் கூடாது.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

"அந்தப் பொடி எழுத்தைப் படிக்கிற ஒரே ஆளு உலகத்துலயே உங்க சம்சாரம்தான்," என்றான் ரேடியோ.

தையல்காரர் சிரிக்கவில்லை. "ஒரு புள்ளியைத் தப்பா விடமாட்டா சார். அவ போய் ஒருத்தன் கண்ணை எடுப்பாளா? தெருவே எங்களைப் பாத்து கதவைச் சாத்துது. நேத்து ஒருத்தன் தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான். இன்னும் வெட்டக்கூட இல்லை."

கடுகு குனிந்து ஒரு சில்லை எடுத்தாள். ஜாடியின் அடிப்பாகம். சாம்பல் நிறத்தில் வண்டல் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு காகிதத்தில் சுற்றி ரேடியோவிடம் கொடுத்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போலாம்."

*

இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் கடுகின் கீழே வேலை பார்த்தவர். அவளைக் கண்டதும் பாதி எழுந்து, எழுவதா வேண்டாமா என்று யோசித்து, பாதியிலேயே நின்றார்.

"மேடம், நீங்க எனக்கு வேலை கத்துக் குடுத்தவங்க. அதுக்காக வழக்குப் பொருளைத் தூக்கிக் கையில குடுக்க முடியாது."

"கையில வேணாம். மேசையில வை. கண்ணால பாத்துக்கறேன்."

ஒளி ஊடுருவும் உறைக்குள் ஒரு லிட்டர் திராட்சை ஜூஸ் புட்டி. கால்வாசி மீதி இருந்தது. கடுகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

"ரேடியோ, லேபிளைப் படி."

"'திராட்சைச் சாறு. நன்றாகக் குலுக்கிப் பருகவும்.' அடுத்தது, 'கெடாமலிருக்கப் பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்பட்டது.' இறங்கறவங்க இறங்கலாம்."

"பாதுகாப்புப் பொருள் போட்ட ஜூஸை அந்தம்மா தொடறதில்லை. அதுல ஈஸ்ட் வேலை செய்யாது. நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க," என்றாள் கடுகு.

இன்ஸ்பெக்டர் தயாராக இருந்தார். "வேற ஜூஸ்ல வைன் பண்ணி, இந்தக் காலிப் புட்டியில ஊத்தியிருக்கலாமே மேடம்."

"ஊத்தியிருக்கலாம். லேப் ரிப்போர்ட்?"

"காலையிலதான் வந்துச்சு. மெத்தனால் இருக்குன்னு முதல் பக்கத்துலயே தெளிவா இருக்கு."

"ரெண்டாம் பக்கத்துல?"

கடுகு ரிப்போர்ட்டை எடுத்தாள். "பின் அடிச்ச மூலையில ஒரு மடிப்புகூட இல்லை. நீ திருப்பவே இல்லை." திருப்பினாள். படித்தாள். அவள் குரல் ஒரு படி இறங்கியது. "சர்க்கரை, நூறு மில்லிக்குப் பதிமூணு கிராம். புட்டி லேபிள்ல பதினஞ்சு. ஈஸ்ட் நாலு வாரம் தின்ன வைன்ல இவ்வளவு சர்க்கரை எங்கேருந்து வரும்? அடுத்த வரியைப் பாரு. 'எத்தனால்: இல்லை.' வைன்ல இருக்கிற சாராயமே எத்தனால்தான். அது ஒரு சொட்டு இல்லை."

"வைன்ல இருக்க வேண்டியது இல்லை, இருக்கக் கூடாதது இருக்கு," என்றான் ரேடியோ. "என் பழைய பஸ்ஸும் இப்படித்தான். பிரேக் இருக்காது, எலி இருக்கும்."

"இது வைனே இல்லை. கடையில வாங்கின ஜூஸ்ல யாரோ மெத்தனாலை ஊத்தி உன் கையில குடுத்திருக்காங்க. நீ அதை வாங்கி வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளை சமையலறையை உடைச்சிருக்கே. அங்க மிஞ்சின ஜாடிச் சில்லு ரேடியோகிட்ட இருக்கு, அந்த வண்டலையும் லேப்புக்கு அனுப்பு."

இன்ஸ்பெக்டர் கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "மேடம், பாதிக்கப்பட்ட ஆளே வாக்குமூலம் குடுத்திருக்கான். கமா அக்கா குடுத்த வைனை ரெண்டு கிளாஸ் குடிச்சேன்னு."

"நீ நேர்ல போய் வாங்கினியா?"

"ஐசியூவுல விடமாட்டேன்னாங்க. அவன் சொந்தக்காரங்க எழுதி வாங்கிட்டு வந்து குடுத்தாங்க."

"புட்டியைக் கவுத்து."

"என்ன?"

"மூடி இருக்கில்ல. கவுத்து."

கவிழ்த்தார். புட்டியின் அடியில், உட்குழிந்த வட்டத்துக்குள், மஞ்சள் நிறத்தில் காசளவு ஸ்டிக்கர். ரேடியோ தலையைச் சாய்த்துப் படித்தான். "'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இன்று மட்டும்.' கீழே கடை பேரு, தேதி." அவன் தேதியைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார்.

"திங்கட்கிழமை," என்றார்.

"விருந்து வெள்ளிக்கிழமை," என்றாள் கடுகு.

"வெள்ளிக்கிழமை குடிச்சதை திங்கட்கிழமை வாங்கியிருக்காங்க," என்றான் ரேடியோ. "ரிவர்ஸ்லயே ரூட் ஓட்டற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

வெளியே வரும் வழியில் லாக்கப் கம்பிக்குப் பின்னால் கமா அக்கா நின்றிருந்தார். தலைமுடி கலைந்திருந்தது. கண் சிவந்திருந்தது. அழுது சிவந்ததாகத் தெரியவில்லை.

"அவன் கண்ணு?" என்று கேட்டார்.

"ரெண்டும் போயிருச்சு," என்றாள் கடுகு.

கமா அக்காவின் விரல்கள் கம்பியை இறுக்கின. "அவன் என் வைனைக் குடிக்கவே இல்லைங்க. அவனுக்குன்னு ஒரு கிளாஸ் ஊத்தி வெச்சிருந்தேன். வரவே இல்லை. அதை நான்தான் தொட்டியில கொட்டினேன். இங்க இருக்கிறவங்ககிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். மூணு தடவையும் எழுதிக்கலை."

கடுகு திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் மேசைமேல் இருந்த பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

*

கடை அச்சகத்துக்கு எதிரிலேயே இருந்தது. கல்லாவில் இருந்த பெண் ஸ்டிக்கரின் படத்தை ரேடியோவின் போனில் பார்த்ததும் தலையாட்டினாள்.

"திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளு. ரெண்டு ஜூஸ் புட்டி. நகமெல்லாம் கறுப்பு மை. எதிர்ல பிரஸ்ல இருக்கிறவர்தான், அடிக்கடி வருவார். எப்பவும் போல பாயிண்ட்ஸ் நம்பர் சொன்னார், ஏத்தி விட்டேன்."

"ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்பற வழியில பாயிண்ட்ஸா?" என்றான் ரேடியோ. "பரிசா என்ன குடுப்பீங்க, கைவிலங்கா?"

"அந்த நம்பர் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டாள் கடுகு.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க."

"ஒருத்தருக்குக் கண்ணு போயிருக்கு. இன்னொருத்தங்க உள்ளே இருக்காங்க. நீ வாயால சொல்ல வேணாம். திரையைக் கொஞ்சம் திருப்பு."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பினாள். அதில் இருந்த பெயரை ரேடியோ அப்போதுதான் ஸ்டேஷன் காகிதத்தில் படித்துவிட்டு வந்திருந்தான். பார்வை போன ஆபரேட்டரின் மனைவி பெயர்.

வண்டியில் ஏறியதும் ரேடியோ மெதுவாகச் சொன்னான். "மேடம், பொண்டாட்டியே புருஷன் கண்ணை..."

"வாங்கினது ஆம்பளை. நம்பர்தான் அவளோடது. முடிவு கட்டாதே. வண்டியை எடு."

*

ஆஸ்பத்திரி நடைபாதையில் இளம் டாக்டர் ஒருவர் ஆபரேட்டரின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். அன்று காலைதான் ஐசியூவிலிருந்து மாற்றியிருந்தார்கள்.

"டாக்டர், மெத்தனாலைக் குடிச்சாத்தான் கண்ணு போகுமா?" என்று கேட்டாள் கடுகு.

"அப்படி இல்லையே. நாள் கணக்கா கையில பட்டு ஊறினாலும், மூடின அறையில சுவாசிச்சாலும் இதே கதிதான்."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"என்னை யாரும் கேக்கலைங்க. வந்தவங்க எல்லாரும் 'என்ன குடிச்சார்'னு மட்டும்தான் பேசிக்கிட்டாங்க."

அறையில் ஆபரேட்டரின் மனைவி கணவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். கடுகு யார் என்று தெரிந்ததும் துணியை வாளியில் வீசினாள்.

"அந்த வைன்காரி அனுப்பினாளா? என்ன பேசி முடிக்க வந்தீங்க? என் புருஷனுக்கு முப்பத்தாறு வயசு. பாப்பா இன்னிக்குக் காலையில பல் விழுந்துச்சுன்னு காட்ட வந்துச்சு. தடவித்தான் பாத்தாரு. போங்க வெளியே!"

"போறேன். ரெண்டே கேள்வி. திங்கட்கிழமை காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"ஐசியூ வாசல்ல. வேற எங்க இருப்பேன்?"

"சூப்பர் மார்க்கெட்ல உங்க பாயிண்ட்ஸ் நம்பரை வேற யாரு சொல்லுவாங்க?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "நான் சொல்லுவேன். இவரு சொல்லுவாரு. எங்க அண்ணன் சொல்லுவாரு. அண்ணன் எது வாங்கினாலும் என் நம்பர்லதான் ஏத்துவாரு. பாயிண்ட் சேந்தா பாப்பாவுக்கு ஏதாவது வாங்கிக்கலாம்னு..."

"அண்ணனுக்கு எங்க வேலை?"

"இவரு வேலை செய்யற பிரஸ்லதான். ஃபோர்மேன். இவரைச் சேத்து விட்டதே அவர்தான்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். "ஏன் கேக்கறீங்க?"

கடுகு கட்டில் பக்கம் போனாள். ஆபரேட்டரின் கண்கள் திறந்துதான் இருந்தன. சத்தம் வந்த திசையைத் தேடி முகம் மட்டும் அசைந்தது.

"தம்பி, வெள்ளிக்கிழமை எத்தனை கிளாஸ் குடிச்சீங்க?"

"என்னத்தை?"

"வைன்."

"நான் எங்கம்மா குடிச்சேன்? அவசர ஆர்டர்னு மச்சான் மெஷினை விட்டு நகர விடலை. சாப்பாடே நின்ன இடத்துலதான்."

"ரெண்டு கிளாஸ் குடிச்சேன்னு வாக்குமூலத்துல ரேகை வெச்சிருக்கீங்களே."

"வாக்குமூலமா?" அவர் எழ முயன்றார். "ஞாயித்துக்கிழமை மச்சான் வந்து லீவு லெட்டர்னு ஒண்ணு படிச்சாரு. 'உடல்நலம் சரியில்லாததால் பத்து நாள் விடுப்பு வேண்டும்.' எனக்குக் கேட்டுச்சு, நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் என் விரலைப் பிடிச்சு அவரே மையில தொட்டு வெச்சாரு."

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இவரு பக்கத்துல உக்காந்து அழுதானே! என் தோள்ல சாஞ்சு அழுதானே அந்தப் பாவி! 'அந்த வைன்காரியை விடமாட்டேன் தங்கச்சி'ன்னு என் தலையில கைய வெச்சுச் சொன்னானே!"

கடுகு ஆபரேட்டரின் கையைப் பார்த்தாள். முழங்கைவரை தோல் வெளுத்து, வெடித்து, உரிந்திருந்தது.

"மெஷின் ரோலரை எதுல கழுவுவீங்க?"

"ஒரு மாசமா புதுசா ஒரு தண்ணி வருது. டிரம்முல. முந்தி வந்ததைவிட விலை கம்மியாம். கையுறை கிடையாது. துணியை முக்கிப் பிழிஞ்சு பிழிஞ்சு துடைக்கணும். ஏசி குளிர் வெளியே போகுதுன்னு ஜன்னலை எல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைச்சுட்டாங்க. தலை வலிக்குது, கண்ணு மங்குதுன்னு மச்சான்கிட்ட சொன்னேன். பழகிரும்னாரு."

"இப்ப அந்த மெஷின்ல யாரு?"

"குருவின்னு ஒரு பொண்ணு. எனக்கு உதவியா இருந்தவ. இப்ப ரெண்டு ஷிஃப்டும் அவதான் பாக்கறாளாம்."

கடுகு ஏற்கெனவே வாசலில் இருந்தாள். "ரேடியோ, இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு. பத்து நிமிஷத்துல அச்சகத்துக்கு வரலைன்னா ரெண்டாம் பக்கத்தைப் பத்திரிகைக்காரங்களுக்கு நானே படிச்சுக் காட்டறேன்னு சொல்லு."

"நானும் வரேன்," என்றாள் மனைவி. செருப்பைக்கூட மாட்டவில்லை. வண்டியில் வரும்போது ஜூஸ் புட்டி விஷயத்தைக் கடுகு அவளிடம் சொல்லி முடித்தாள்.

*

மெஷின் அறைக் கதவைத் திறந்ததும் ஒரு இனிப்பு வாடை மூக்கில் ஏறியது. நான்கு ஜன்னலும் தாள் ஒட்டி, டேப் அடித்து, காற்றுப் புகாமல் மூடியிருந்தன. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன்முன் ஒல்லியாக ஒரு பெண், நனைந்த துணியோடு, தலையைக் குனிந்தும் நிமிர்த்தியும் ரோலரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"குருவி, என்னம்மா பண்றே?" என்று கேட்டாள் கடுகு.

"லைட்டை மாத்தச் சொல்லுங்கக்கா. காலையிலேர்ந்து எல்லாமே பனி மூடின மாதிரி இருக்கு." அவள் கடுகுக்கு இரண்டடி தள்ளி இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ரேடியோ, தூக்கு!"

ரேடியோ அவளை அப்படியே வாரித் தூக்கினான். இந்த முறை நகைச்சுவை எதுவும் வரவில்லை. ஓடினான்.

கடுகு ஓரத்தில் இருந்த இரும்பு முக்காலியை எடுத்து முதல் ஜன்னலில் வீசினாள். கண்ணாடி உடைந்தது. இரண்டாவது ஜன்னலுக்கு ஆபரேட்டரின் மனைவி முந்திக்கொண்டாள். கையில் கிடைத்த இரும்புத் தடியால் அடித்தாள். மூன்றாவதையும் அடித்தாள். நான்காவதை அடிக்கும்போது கதவில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் வெள்ளைச் சட்டையில் முதலாளி. பின்னால் நகத்தில் கறுப்பு மையோடு ஃபோர்மேன்.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க? இது என் இடம்!" என்றார் முதலாளி.

கடுகு டிரம்மின் பக்கம் போனாள். 'ரோலர் கிளீனர்' என்று கம்ப்யூட்டரில் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தாள். தாளுக்கு அடியில் மண்டையோட்டுப் படம். அதன்கீழ் கொட்டை எழுத்தில் மெத்தனால்.

"அச்சகம் நடத்தறீங்க. லேபிள் அடிக்கிறதுக்குச் சொல்லியா தரணும்?" என்றாள். குரல் இப்போது கிட்டத்தட்டக் கேட்கவில்லை.

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார் முதலாளி. "சாமான் வாங்கறதெல்லாம் ஃபோர்மேன்தான்."

ஃபோர்மேனின் முகம் மாறியது. "ஐயா! நீங்கதானே இதை வாங்கச் சொன்னீங்க? மண்டையோடு தெரியாம தாளை ஒட்டச் சொன்னது நீங்கதானே? விஷயம் வெளியே போனா பிரஸ்ஸை மூடிருவாங்க, நாப்பது பேர் தெருவுக்கு வந்துருவாங்க, ஏதாவது பண்ணுன்னு..."

"வாயை மூடுடா!"

இன்ஸ்பெக்டர் படியேறி வந்தபோது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க வேண்டியதெல்லாம் அவர் காதில் தானாகவே விழுந்தது.

ஆபரேட்டரின் மனைவி தடியைக் கீழே போட்டாள். அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"தங்கச்சி, உனக்குக் கெடுதல் நினைப்பேனா? மாப்பிள்ளைக்குக் கண்ணு எப்படியும் திரும்பப் போறதில்லை. பிரஸ்ஸாவது நிக்கட்டும்னுதான்... முதலாளி உன்னையும் பாப்பாவையும் பாத்துக்கறேன்னு சொன்னாரு."

"கண்ணு போனதுக்கு அப்புறம் நீ செஞ்சதை விடு," என்றாள் அவள். "குருவியை ஏன் இங்க நிறுத்தினே? திங்கட்கிழமை உனக்கு எல்லாம் தெரியுமே. ஜூஸ் வாங்கப் போகும்போதே தெரியுமே. தெரிஞ்சும் அந்தப் பொண்ணை ஏன்டா இந்த அறையில விட்டே?"

ஃபோர்மேன் நகத்து மையைச் சுரண்டினான். "ஆர்டர் இருந்துச்சு," என்றான்.

அவள் கை ஓங்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். தெருவில் யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

"எனக்கு இவன் யாருன்னு கேட்டு எழுதணும்னா, யாரும் இல்லைன்னு எழுதிக்கோங்க."

*

குருவிக்கு இரண்டு நாளில் பனி விலகியது. இடது கண்ணில் ஓரமாகக் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது போகாது என்றார் இளம் டாக்டர். இன்னும் ஒரு ஷிஃப்ட் நின்றிருந்தால் இவ்வளவுகூட மிஞ்சியிருக்காது என்றும் சொன்னார்.

கமா அக்காவை வெள்ளிக்கிழமை காலை விட்டார்கள். இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "என்கிட்ட மெதுவா சொல்லாதீங்க. பேப்பர்ல என் பேரைப் போட்ட அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடச் சொல்லுங்க. ஒரு புள்ளி சின்னதா இருந்தாலும் நான் திரும்ப வருவேன்." சொல்லிவிட்டுக் கணவனோடு நடந்தே போனார். ஸ்டேஷன் ஜீப்பில் ஏற மறுத்துவிட்டார்.

அன்று மதியம் ஆபரேட்டரிடம் புது வாக்குமூலம். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, அவர் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினார். இரண்டு பக்கம். எழுதி முடித்து, மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் முழுதும் படித்தாள்.

ஆபரேட்டர் மனைவியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கோவிச்சுக்காதே," என்றார் பிறகு. "இன்னொருத்தரும் படிக்கட்டும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தாளைக் கடுகிடம் நீட்டினாள். கடுகு படித்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"இன்னொரு தடவை. வேற குரல்ல."

தாள் ரேடியோவிடம் வந்தது. அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளிவரை படித்தான். ஒரு வார்த்தைகூடத் தன்னுடையதாகச் சேர்க்கவில்லை.

மூன்றும் ஒன்றுதான் என்று உறுதியானதும் ஆபரேட்டர் தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் மை டப்பாவைத் திறந்து, அவர் கட்டைவிரலை நோக்கிக் கையை நீட்டினார்.

"என் கையைத் தொடாதீங்க," என்றார் ஆபரேட்டர். "எனக்கு எழுதத் தெரியும். பேனா குடுங்க."

கொடுத்தார்கள். அவர் இடது கையால் தாளின் ஓரத்தைத் தடவித் தேடினார். பிறகு எழுதினார். தன் முழுப் பெயரையும் எழுதினார். எழுத்துகள் சாய்ந்து, மேலேறி, தாளின் விளிம்பைத் தாண்டிப் படுக்கை விரிப்பில் போய் முடிந்தன.

இன்ஸ்பெக்டர் வேறு தாள் எடுக்கப் போனார். கடுகு அவர் கையைப் பிடித்தாள்.

"அது போதும்," என்றாள். "விரிப்பையும் சேத்து எடுத்துக்கோ."